எலாதியோவின் தொமெகின்

புகையிலை தரம் பிரிக்கும் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவள் நெரேய்தா. கண்ணை மூடித் தொட்டாலே இலையின் ரகத்தைச் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கை, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கூண்டில் தண்ணீர் மாற்றும்போது ஒரு நொடி தடுமாறியது. கட்டைவிரல் பருமனே இருந்த தொமெகின் குருவி விரலிடுக்கில் நழுவி, ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது.

அவள் கணவன் எலாதியோ பினார் தெல் ரியோ நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெள்ளிக்கிழமை இருதய ஆபரேஷன். "அவர் மனசு கலங்காம பாத்துக்கோங்க" என்று டாக்டர் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். பிள்ளையில்லாத வீட்டில் அவன் கொஞ்சுவதற்கு இருந்தது, கழுத்தில் மஞ்சள் பட்டை போட்ட அந்த ஒரு ஜீவன்தான்.

நெரேய்தா வேலைக்குப் போகவில்லை. கொல்லைப் புல்லில் முழங்காலிட்டுத் தேடினாள். தரையில் விதை பொறுக்கிக்கொண்டிருந்த குருவிக் கூட்டத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. கூண்டைத் திறந்து வைத்துத் தினை தூவினாள். கோழிகள் வந்து தின்றுவிட்டுப் போயின.

புதன்கிழமை எலாதியோவிடமிருந்து போன் வந்தது.

"நம்ம குருவிப் பய பாடுறத கொஞ்சம் கேக்க வையேன், நெரே."

"தூங்குறான்."

"நாலு மணிக்கேவா?"

"மழ இருட்டிக்கிட்டு வருது" என்றாள். வெளியே வெயில் கொளுத்தியது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுப் பௌதிலியோவிடம் ஓடினாள். அவனும் தொமெகின் வளர்ப்பவன்.

"என் குருவி உன் புருஷன் குருவிய விட நல்லா பாடும். அதுலயே மாட்டிக்குவ, பாரு" என்றான். ஆனாலும் கூண்டைக் கொண்டுவந்து, எலாதியோ கூப்பிட்டதும் போனுக்குப் பக்கத்தில் வைத்தான். குருவி நன்றாகத்தான் பாடியது.

எதிர்முனையில் எலாதியோ பாட்டை முழுசாகக் கேட்டான்.

"இது பௌதிலியோ குருவி" என்றான் எலாதியோ. "என்னுது கடைசில இழுக்கும். செத்துருச்சா?"

"ஐயோ, இல்ல! பறந்துருச்சு. என் கைதான்... நான்தான் விட்டுட்டேன்."

அவன் மூச்சு ஓடுகிறதா என்று போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள்.

"கொல்லையில புல்லு வெத பிடிச்சிருக்கா?"

"எங்க பாத்தாலும்."

"அப்ப பொழச்சுக்குவான். நீ சாப்பிட்டியா?"

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லி நானே அவனைக் கொன்றுவிட்டேனோ என்ற எண்ணம் குடைந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். கடைசியில் டாக்டர் வந்து, "முடிஞ்சுது. நல்லா இருக்காரு" என்றார்.

ஒரு மாதம் கழித்து எலாதியோ வீடு திரும்பினான். பறந்துபோன குருவி கிடைக்கவில்லை. பௌதிலியோ புதிதாக ஒரு குஞ்சைக் கொண்டுவந்து நீட்டினான்.

"வேண்டாம்ப்பா" என்றான் எலாதியோ. "இன்னொன்ன பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல."

நெரேய்தா குஞ்சையும் பார்க்காமல், பௌதிலியோவையும் பார்க்காமல், எலாதியோவின் மாத்திரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.