வால்ரியூப் மாட்டிய இரண்டு டிரான்சிஸ்டர்கள்

மீற்றரில் 'பூச்சியம் தசம் இரண்டு' என்று எண் விழுந்தால் எனக்கு நெஞ்சு படக்கென்று அடிக்கும். இன்றைக்கும் அப்படித்தான். 'உங்கள் முதல் கடிதம் வந்தபோதுகூட இப்படி அடிக்கவில்லை' என்று ஒருநாள் என் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் அதை இன்னும் மறக்கவில்லை.

விசயம் சின்னது. பழைய காலத்து டிரான்சிஸ்டர்கள் ஜேர்மானியம் என்ற தனிமத்தில் செய்தவை, பிறகு வந்தவை சிலிக்கனில் செய்தவை. மின்சாரம் அளக்கும் மல்டிமீற்றரின் இரண்டு முனைகளையும் அதன் கால்களில் வைத்தால் சிலிக்கன் தசம் ஆறு, தசம் ஏழு என்று காட்டும். ஜேர்மானியம் தசம் இரண்டு, மிஞ்சினால் தசம் மூன்று. ஒரு ரேடியோவில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் போதும், மற்றவை எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது சண்டையில் சம்பூர்ச் சனம் திருகோணமலைக்கு இடம்பெயர்ந்து வந்த வருசத்தில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். அண்ணா கிற்றார் வாசிப்பான். என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவன், ஆகவே மரியாதையெல்லாம் 'அண்ணா' என்ற சொல்லோடு சரி. அவனும் நண்பர்கள் மூன்று பேரும் கலியாண வீடுகளில் வாசித்தார்கள். ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் எல்லாமே பகல் கச்சேரிதான். அவனுக்கு ஒரேயொரு ஆசை. காலால் ஒரு பெட்டியை அமத்தினால் சாதுவான கிற்றார் கருவண்டு மாதிரி உறுமவேண்டும். நெற் கபேயில் அதன் சர்க்யூட் படத்தை அச்சடித்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் போட்டான்.

"நீ பௌதிகம் படிச்சனி தானே. செய்து தா பாப்பம்."

படத்தில் மொத்தம் பத்துப் பதினொரு சாமான்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று சிரித்தேன். ஆனால் நடுவில் இரண்டு ஜேர்மானிய டிரான்சிஸ்டர். சிலிக்கன் போட்டால் சத்தம் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி இருக்குமாம், ஜேர்மானியம்தான் உறுமுமாம். நகரத்துக் கடைகளில் கேட்டபோது அப்படி ஒரு சாமானைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கையை விரித்தார்கள்.

துறைமுகப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. கடைக்காரர் கிண்ணியாவிலிருந்து தினமும் துறை தாண்டி வரும் முஸ்லிம் அண்ணன், நான் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். கப்பல் சாமான், உடைந்த மின்விசிறி, யார் யாரோ விட்டுப்போன ரேடியோக்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். நான் மீற்றரோடு போய் அந்தக் குவியலுக்கு முன்னால் குந்துவேன்.

"மௌத்தாப் போன ரேடியோவில என்னத்தத் தேடுறீங்க தங்கச்சி?"

"உயிரோட ஏதும் கிடக்குதா எண்டு பாக்கிறன் நானா."

கிடந்தது! நாலாவது ரேடியோவில் தசம் இரண்டு விழுந்தபோது நான் கத்திய கத்தலில் கடைக்காரர் தேத்தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். ஆனால் ஜேர்மானியமாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே மின்சாரம் ஒழுகாமல் இருக்கவேண்டும். பெருக்கத்தை அளக்க மீற்றரில் இருக்கும் துளையில் அதைக் கழற்றிச் செருகி விரலால் பிடித்துப் பார்க்க வேண்டும். விரல் சூட்டுக்கு எண் மெல்ல ஏறினால் நல்லது. குதிரை மாதிரிப் பாய்ந்தால் குப்பை. கடற்காற்றில் கிடந்தவை அநேகமாக எல்லாம் பாய்ந்தன. பாயாமல் நின்ற ஒன்றை ஆசையாக மீற்றரிலிருந்து உருவினேன், துருப்பிடித்த கால் கையோடு வந்துவிட்டது. ஆத்திரத்தில் அது இருந்த சர்க்யூட் பலகையைத் தூக்கி எறிந்தேன். எறிந்ததைத் திரும்பப் பொறுக்கி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் கடைக்காரர்.

இவ்வளவுக்கும் நான் தேடியது எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருந்தது.

அது மாமாவின் ரேடியோ. மாமா அம்மாவின் தமையன், சம்பூரில் தோட்டம் செய்தவர். மாமி முன்னமே இறந்துவிட்டார். இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தபோது அவர் கையில் ஒரு பையும் அந்த ரேடியோவும்தான் இருந்தன. வரும் வழியில் அது பேச்சை நிறுத்திவிட்டது. ஆனாலும் பின்னேரச் செய்தி நேரம் வந்தால் அதை மடியில் வைத்துக் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். ஊருக்குத் திரும்பலாம் என்று ஒருநாள் செய்தியில் சொல்வார்கள், அதைத் தன் காதால் கேட்கவேண்டும். அவருக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் டிவி இருந்தது, ஆனால் அந்த நேரம் அம்மாவின் நாடகம். செய்தியைப் பக்கத்து வீட்டார் வந்து சொல்வார்கள். "ஆக்கள் சொல்லுற கதை வேற, செய்தி வேற" என்பார் மாமா.

"தாங்கோ மாமா, நான் திருத்தித் தாறன்" என்றேன். அதைச் சொல்லும்போது மனத்தில் கள்ளம் இருக்கவில்லை. இருந்ததோ என்னவோ.

பின் மூடியைக் கழற்றினேன். கறுப்பு வர்ணம் பூசிய கண்ணாடிக் குப்பிகள், நெல்லுமணியைவிடக் கொஞ்சம் பெரியவை, வரிசையாக நின்றன. ஜேர்மானியம்! அவற்றில் இரண்டின் கால்களுக்கு, சைக்கிள் சில்லின் காற்று வாய்க்கு மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாயான வால்ரியூபை வெட்டிச் சட்டை போட்டிருந்தது.

"அது நான் போட்டது பிள்ளை" என்றார் மாமா பெருமையோடு. "கால் ஒண்டோடொண்டு முட்டிக் கரகரத்தது. ஆர் திருத்துறது? நானே சைக்கிளைக் கழட்டி வெட்டிப் போட்டனான்."

அவர் முற்றத்துக்குப் போனதும் அந்த இரண்டையும் கழற்றி அளந்தேன். தசம் இரண்டு. தசம் இரண்டு. விரலால் பிடித்தேன், எண் மெல்ல, மெத்த மெல்ல ஏறியது. ஒழுக்கே இல்லை. எனக்கு அழுகை வந்தது, உண்மையாக. எழுத்து அழிந்து போயிருந்ததால் அடியில் இலக்கம் இருக்குமோ என்று சவர பிளேட்டால் கறுப்பைச் சுரண்டினேன். இலக்கம் இல்லை, வெறும் கண்ணாடிதான் இருந்தது.

ரேடியோவின் நோயையும் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கப்பாசிற்றர் காய்ந்துபோயிருந்தது. எந்தக் கடையிலும் கிடைக்கும், அரை மணித்தியால வேலை. அப்படியிருந்தும் என் வாய் சொன்னது இதைத்தான்:

"மாமா, இதுக்கு ஒரு சாமான் கொழும்பில இருந்து வரவேணும்."

"வரட்டும் பிள்ளை, அவசரமில்லை."

அவசரமில்லை என்று அவர் சொன்னதை நான் வசதியாக நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம், அங்கே அண்ணாவின் கச்சேரி. இரண்டு நாளில் சர்க்யூட்டைக் கட்டி முடித்தேன். பெட்டிதான் பிரச்சினை. வெளிநாடுகளில் இரும்புப் பெட்டிக்குள் வைப்பார்களாம். திருகோணமலையில் அந்தக் காலம் பற்றரியும் வயரும் வைத்து மூடிய இரும்புப் பெட்டியோடு இராணுவம் சோதனை போடும் சென்றியைத் தாண்டப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையைக்கூடத் திறந்து காட்டியபடியே நடந்த சனம் நாங்கள். ஆகவே உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடுக்கி, ஒரு பலகையில் பூட்டினேன்.

இருட்டு மூலையில் கட்டிலடியில் வைத்துச் சோதித்தோம். அண்ணா ஒரு கம்பியைத் தட்டினான். புதுச்சேலையைக் குறுக்கே கிழித்த மாதிரி ஒரு சத்தம்! கிழிந்து, உறுமி, நீண்டு, அடங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுவந்தோம், வெயிலில் அதன் குரல் அடைத்துக்கொண்டது. உள்ளே கொண்டுபோய் டியூப் லைட்டைப் போட்டோம், 'ம்ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். வயரை மாற்றினேன், பற்றரியை மாற்றினேன், ஈயத்தையெல்லாம் திரும்ப உருக்கினேன். மூன்று நாள். "உன்ர கிற்றார்தான் பழுது" என்று அண்ணாவோடு சண்டை. "உன்ர மூளைதான் பழுது" என்றான் அவன்.

குசினியிலிருந்து அம்மா கத்தினார். "கண்ணூறடி! ஊரெல்லாம் பாக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சா வேறென்ன நடக்கும்? கறுப்புப் பொட்டொண்டு வை!"

அம்மா அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கறுப்புப் பொட்டுக் காய்ச்சிக் கொடுப்பவர். பொட்டுச் சிரட்டை எப்போதும் யன்னலடியில் இருக்கும். இருந்த எரிச்சலுக்கு, சரி வைக்கிறேன் பார் என்று பெட்டியைத் திறந்து, ஒரு டிரான்சிஸ்டரில் பொட்டை அப்பினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மற்றதிலும் அப்பினேன். நின்றுவிட்டது!

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தக் கறுப்பு அழகுக்குப் பூசியதல்ல, வெளிச்சத்தை மறைக்கப் பூசியது. வெளிச்சம் பட்டால் ஜேர்மானியம் விழித்துக்கொள்ளும். சுரண்டியதும் நான், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததும் நான். உலகத்தில் வேறு எவரும் இந்த இரண்டு பிழையையும் ஒன்றாக விட்டிருக்க மாட்டார்கள். அம்மா மட்டும் இன்றுவரை கண்ணூறு என்றுதான் சொல்கிறார்.

சனிக்கிழமை எல்லோரும் புறப்பட்டோம். மாமாவும் வேட்டி சால்வையோடு வந்தார். சென்றியில் நின்ற சிப்பாய்ப் பெண் என் கையிலிருந்த பெட்டியை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"மே மொகத்த?"

இது என்ன என்று கேட்கிறாள். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் மறந்துவிட்டது. பின்னால் நின்ற மாமா எட்டிப் பார்த்தார். அவர் கண் பெட்டிக்குள் ஓடி ஓரிடத்தில் நின்றது. வால்ரியூப். அதை நான் கழற்றியிருக்கவில்லை. கழற்றவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"ரேடியோ. மகே ரேடியோ."

என்னுடைய ரேடியோ. அவள் அவருடைய நரைத்த தலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். மண்டபம் வரைக்கும் மாமா எனக்கு முன்னால் நடந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது.

கச்சேரி? அதை என்னவென்று சொல்வேன்! மூன்றாவது பாட்டில் அண்ணா காலால் அமத்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், குழந்தைகள் மேடையடிக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் விசிலடித்தார்கள். என் உடம்பெல்லாம் புல்லரித்தது. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் பெருமையிலும் செத்தேன்.

முடிந்ததும் மாமாவிடம் போனேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சத்தம்தான் பிள்ளை" என்றார். "ஆனா செய்தியொண்டும் சொல்லேல்லையே."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். வரும் வழியில் கப்பாசிற்றரை வாங்கினேன். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் சோல்டரிங் அயனைச் சூடாக்கினேன். "அப்ப அடுத்த கச்சேரிக்கு?" என்றான் அண்ணா. நான் பார்த்த பார்வையில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கறுப்புப் பொட்டு வைத்தபடியே இரண்டையும் பழைய இடத்தில் பூட்டினேன். நானும் மாமாவுமாகக் குமிழைத் திருகினோம். முதலில் இரைச்சல், பிறகு ஒரு குரல் தெளிந்து வந்தது. மேடையில் கேட்ட உறுமலுக்கு அடிக்காத நெஞ்சு அந்தக் குரலுக்கு அடித்தது.

சரியாகச் செய்தி நேரம். அம்மா நாடகத்தை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் அண்ணாவும். தலைப்புச் செய்தியிலிருந்து வானிலை வரைக்கும் நாலு பேரும் கேட்டோம். சம்பூர் என்ற சொல் வரவேயில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஒண்டும் சொல்லேல்லையே மாமா" என்றேன்.

மாமா ரேடியோவை மடியிலிருந்து இறக்கவில்லை.

"பரவாயில்லை பிள்ளை" என்றார். "இனிச் சொன்னா எனக்குக் கேக்கும்."