இரண்டு சதவீதக் குறிகள்

குழந்தை பிறந்ததும், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். கோவையில் எங்கள் பம்புப் பட்டறையின் கம்ப்யூட்டரை அதுவரை நான்தான் பார்த்துவந்தேன். கோபத்தில் காரமடையில் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மாலை அவரிடமிருந்து போன் வந்தது.

“அம்மணி, பில் ஃபைலையெல்லாம் ஒண்ணொண்ணா ஃபிளாப்பியில ஏத்தற ஃபார் லூப்பு கட்டளை, கையால டைப் அடிச்சா ஓடுது. அதையே, தினமும் அடிக்காம தானா ஓடட்டும்னு பேட்ச் ஃபைல்ல எழுதி வெச்சா எர்ரர்னு நிக்குது.”

விண்டோஸ் வருவதற்கு முன்பிருந்த டாஸ் தெரிந்த எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுந்த இடம் அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பேட்ச் ஃபைலுக்குள்ள அந்தக் கட்டளையில வர்ற சதவீதக் குறியை ரெண்டா போடோணுங்க. வெளிய அடிக்கறப்ப ஒண்ணு போதும்.”

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது.

“ஓடுது!” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை.

“கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டிருக்கலாமேங்க?”

“கேட்டேன். நேத்தே சொல்லிக் குடுத்துப்போட்டாரு.”

“அப்பறம் எனக்கு எதுக்குங்க போன்?”

மெதுவாகச் சொன்னார்: “நீ சொல்லிக் கேக்கோணும்னு இருந்துச்சு. வந்துரு கண்ணு. உன்ற சீட்டுக்குப் பக்கத்துலயே பாப்பாவுக்குத் தொட்டில் கட்டிப்போட்டேன்.”

மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை.