தலைவர் வீட்டுச் சிரட்டை

தலைவர் வீட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் இலியேசா. லேசாகக் கிறங்க வைக்கும் யங்கோனா வேரைக் கரைத்த மரத்தொட்டியிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தார்கள். இன்னும் இரண்டு பேர், அப்புறம் அவன்.

இலியேசா குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவனைக் கெடுத்தது பீர்தான், யங்கோனா அல்ல. ஆனால் எங்கள் தீவுப் பக்கத்தில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு தூரம்? வேர்த்தண்ணீர் குடித்து நாக்கு மரத்ததும், வாய் கழுவ என்று சொல்லிப் பீர் பாட்டிலைத் திறப்பார்கள். வாய் கழுவிக் கழுவியே துறைமுக வேலையைத் தொலைத்தவன் இவன். மனைவி மக்கெரெத்தா கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "ரெண்டையும் விட்டாத்தான் வருவேன்" என்றாள். விட்டான், வந்தாள்.

குடித்த நேரத்தையெல்லாம் பயிற்சிக்குக் கொடுத்தான். விடியலில் லாரி டயரை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு மேட்டில் ஓட்டம். சாயங்காலம் ஆறு பேர் துடுப்புப் படகில் கடைசி இருக்கை, திசை பிடிக்கிற இடம். அடுத்த சனிக்கிழமை பந்தயம் இந்தத் தலைவர் ஊர்க் கடலில்தான். தலைவருக்கு யங்கோனா வேர்க்கட்டைக் காணிக்கையாக வைத்து உத்தரவு வாங்காமல் யாரும் அதில் படகு இறக்க முடியாது. படகுக்காரர்கள் ஆறு பேரும் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அதற்குத்தான்.

"என்ன மச்சான், சிரட்டையப் பாத்து சுறாவப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்று காதைக் கடித்தான் சக்கியூசா. தாய்மாமன் மகன், படகுக்கும் அவன்தான் தலைமை. "நீ குடிக்கலைன்னா பெரியவரு கடலையே மூடிடுவாரு. அப்புறம் நாம குட்டையிலதான் துடுப்பு போடணும்."

மச்சான் பேச்சில் பாதிக்கு மேல் கேலி என்பது ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் இந்த மடையனுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. வழக்கப்படி கையை ஒரு தட்டுத் தட்டிச் சிரட்டையை வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, மூன்று தட்டுத் தட்டினான்.

திரும்பும் வழியில் மற்றவர்கள் பீர் கடைக்குள் நுழைந்தார்கள். இவன் காலும் தானாகப் படியேறியது. கதவைத் தொட்ட கையைப் பார்த்துத் தானே பதறிப்போய், வீடு வரை ஒரே ஓட்டம்.

"தலைவர் வீட்டுல ஒரு சிரட்டை வேர்த்தண்ணி குடிச்சேன். இது குடிச்ச கணக்கா இல்லையா, நீயே சொல்லு" என்றான் மக்கெரெத்தாவிடம்.

"நீ குடிச்சத நான் சொல்லணுமாக்கும்?"

"பீரத் தொடல. கடை வரைக்கும்தான் போனேன்."

"போனல்ல?" அவள் குழந்தையின் துணிகளை எடுத்துப் பைக்குள் திணித்தாள். "எனக்குப் பயமா இருக்கு இலியேசா." குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் பிறந்த ஊரும் அந்தத் தலைவர் ஊர்தான்.

இலியேசாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யங்கோனாவும் குடியில் சேர்ந்ததா என்று போதகரிடம் கேட்டான். "நானே வாரம் நாலு நாள் குடிக்கிறேனப்பா, இதுல என்ன பாவம்?" என்றார். பயிற்சியாளரிடம் கேட்டான். "கால் கனத்துடும். பந்தயம் முடியிற வரைக்கும் வேணாம்" என்றார். பாவத்தையும் காலையும் பற்றி யார் கேட்டது? அந்த வாரம் முழுக்க அவன் டயரை வெறி பிடித்தவன்போல் இழுத்தான். இழுக்க இழுக்கக் குழப்பம்தான் கூடியது.

பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார்கள். நன்றி சொல்ல மறுபடி தலைவர் வீடு, மறுபடி அதே பாய். பின்வரிசைப் பெண்களுக்கு நடுவே மக்கெரெத்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரட்டை வந்தது. இலியேசா கை நீட்டவில்லை.

"ஏம்பா, உடம்பு சரியில்லையா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க ஐயா. இதக் குடிச்சா நான் நேரா பீர் கடைக்குப் போயிடுவேன்."

வீடே இவன் பக்கம் திரும்பியது. அவமானத்தில் இலியேசாவுக்குக் காது சுட்டது.

"அதப் போன வாரமே சொல்லக் கூடாதா?" என்றார் தலைவர். "உனக்குப் பதிலா குடிக்கத்தானே மச்சான்னு ஒருத்தன் பக்கத்துல இருக்கான்?"

சக்கியூசா சிரட்டையைப் பிடுங்கி மடமடவென்று குடித்தான். "ரெண்டு வருஷமா எனக்கு வரவேண்டிய உன் பங்கக் கெடுத்துட்டியேடா பாவி!" வீடே சிரித்தது. இலியேசா மட்டும் சிரிக்கவில்லை.

"கடல மூடுவாருன்னியே?"

"அட, அது சும்மா சொன்னதுடா!"

இவ்வளவுதானா? இதற்கா ஒரு வாரம் வீடு இருண்டு கிடந்தது? மச்சான் கழுத்தை நெரிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் எழுந்து வெளியே வந்தான். மக்கெரெத்தாவும் பின்னாலேயே வந்தாள்.

"அப்ப நான் குடிய விட்டு ரெண்டு வருஷமா, ஒரு வாரமா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் தெரியல" என்றாள் அவள். "பாப்பா கனக்குறா, நீ வாங்கிக்க. நம்ம வீட்டுக்குப் போவோம்."