அத்தையின் வாக்குமூலம்

இதில் நான் எழுதுவன யாவும் சரிபார்க்கப்பட்டவை. ஒன்று, கோப்பில் தாளாக இருக்க வேண்டும். அல்லது, என் காதால் நானே கேட்டிருக்க வேண்டும். இரண்டிலும் சேராதவற்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட்டேன். எழுத்தின் ஒழுக்கம் கருதி மட்டும் இப்படிச் செய்யவில்லை. சரிபாராமல் நம்பிய ஒரே ஒரு செய்தியால் என் மகள் தன் தந்தைக்கு மகள் இல்லை என்று ஆகவிருந்தாள். அந்த அச்சம் இன்னும் என்னைவிட்டு முழுதும் நீங்கவில்லை.

நானும் அவள் தந்தையும் செஞ்சியில் பதினான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். மணம் செய்துகொள்ளவில்லை. அவர் செஞ்சிக்குப் பக்கத்து ஊரான வல்லத்தில் நிலமுடைய குடும்பத்தில் பிறந்தவர்; கடைத்தெருவுக்கு அப்பால், நீரிறைக்கும் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருந்தார். நான் நிலமே இல்லாத குடும்பத்தில் பிறந்து, புலவர் பட்டம் பெற்று, தனியார் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். தாம் உயிரோடிருக்கும்வரை இந்தத் திருமணம் நடக்காது என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டார். அந்த அம்மையாரின் மனம் மாறட்டும் என்று காத்திருந்தோம். தாயார் காலமான பின் தள்ளிப்போடுவதே எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கொள்கை என்று சொல்லிக்கொண்டால் பெருமையாக இருக்கும். அது உண்மையன்று.

ஒன்றில் மட்டும் இருவரும் பிடிவாதமாக இருந்தோம். மணமானவர் என்று எந்தப் படிவத்திலும் பொய் எழுதுவதில்லை. ஆகவே நான் என் தாய்வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருந்தேன். மகளின் பிறப்பைப் பதிவு செய்யப் போனபோது, தந்தையின் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன். கணவராக இருப்பவரின் பெயரைத்தான் அங்கே எழுதலாம் என்று நம்பியிருந்தேன். எங்கள் மணத்தைப் பற்றி அங்கே யாரும் வினவவில்லை. தந்தை யார் என்றுதான் படிவம் கேட்டது. கேட்காத கேள்விக்கு உண்மை சொல்லப் போய், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வந்தேன்.

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா?" என்று அவரும் விட்டுவிட்டார்.

பின்னர் மகளும் என் தாய்வீட்டு அட்டையிலேயே சேர்ந்தாள். பள்ளியில் என் பெயரின் முதலெழுத்தே அவளுக்கு முன்னெழுத்தாயிற்று. வீட்டில் அவள் அவரை நைனா என்று அழைத்தாள். அவர் தோளில் ஏறிக்கொண்டு மோட்டார் வேலை பார்க்க வயல்களுக்குப் போய்வந்தாள். அதற்கெல்லாம் தாள் இல்லை.

அவளுக்குப் பதினோரு வயது நிரம்பியிருந்தபோது, அவர் பட்டறையில் நெஞ்சுவலி கண்டு, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தார். உயில் எழுதவில்லை. வல்லத்திலிருந்து வந்த அவருடைய அக்காள் மகன் கொள்ளி வைத்தார். மறுநாளே தெருவில் பேச்சு எழுந்தது. அதை மறைக்காமல் என்னிடம் வந்து சொன்னவர் எதிர்வீட்டு அம்மா ஒருவர்தான்.

"கொள்ளி வெச்சது அக்கா பையன். ஊடும் பட்டறையும் அங்கதான் போவும்னு பேசிக்கிறாங்க. நீ உஷாரா இரும்மா. அயுதுகினே இருந்தா ஒண்ணும் நடக்காது."

அன்று அது கடுமையாகத் தோன்றியது. அந்தச் சொல் இல்லாவிட்டால் நான் இன்னும் பல மாதம் எழுந்திருக்க மாட்டேன்.

செஞ்சி நீதிமன்றத்தில் வழக்காடும் பெண் வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அவரிடமே படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன். நெடுங்காலம் கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தவர்களை மணமானவர்களாகக் கொள்ளும் ஓர் அனுமானம் சட்டத்தில் உண்டு. ஆயினும் அதை எதிர்த்து வாதாடலாம். அப்படி வாழ்ந்தவர்களின் குழந்தைக்குத் தந்தை தாமே ஈட்டிய சொத்தில் உரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆயினும் அவர்தான் தந்தை என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். வீடும் பட்டறையும் அவர் தாமே ஈட்டியவை. வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். உறவினர் யாரேனும் எதிர்த்தால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். மகள் வாரிசு அல்லள் என்று ஆனால், பெற்றோரும் இல்லாத நிலையில், எல்லாம் அவருடைய ஒரே உடன்பிறப்பான அக்காளுக்குச் சேரும்.

"அந்தம்மா ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாப் போதும் டீச்சர், கேஸு வருஷக்கணக்குல இழுக்கும்" என்றார் வழக்கறிஞர். "அவரு இருக்கறப்பவே ரெண்டு பேரும் எழுதிக் குடுத்து அப்பா பேரைச் சேக்கப் பாத்திருக்கலாமே?"

"அது கூடாதுன்னு நெனச்சிட்டேம்மா."

"யாரு சொன்னாங்க கூடாதுன்னு?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்து விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினார். அந்தப் பண்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எல்லாம் அந்த அக்காளிடம் வந்து நின்றது. பதினான்கு ஆண்டுகளில் எங்கள் வாசற்படி ஏறாதவர் அவர். அவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆண்டுதோறும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியதும் வல்லத்திலிருந்து ஒரு மூட்டை பட்டறைக்கு வந்து சேரும். யாருக்கென்று ஒருமுறையும் சொல்லி வந்ததில்லை. அவித்து நாங்கள் மூவரும் தின்போம்.

விண்ணப்பித்துச் சில வாரங்களில் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். வயதில் இளையவர், குரலை உயர்த்தாமல் பேசினார். அக்காளையும் வரச் சொல்லியிருந்தார். முற்பகலில் அந்த அம்மையார் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்தார். கோட்டை பார்க்க வந்த வண்டிகள் வழியெல்லாம் நின்றதால் நேரமாகிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார். என் மகள் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். எதிர்வீட்டு அம்மா சாட்சி சொல்ல ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்.

"இறந்தவருக்கு நீங்க இன்னா வேணும்?" என்று அலுவலர் கேட்டார்.

"கூடப் பொறந்தவ."

"இந்தப் பொண்ணு?"

"எந்தம்பி பொண்ணு."

"கல்யாணம் நடந்துதாம்மா?"

"நடக்கல. நடந்திருந்தா நான் சீரு செஞ்சிருக்கணும். எனக்கு மிச்சம்."

எதிர்வீட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அலுவலர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சர்டிபிகேட்ல அப்பா பேரு இல்ல. அதான் கேக்கறேன். எதை வெச்சி உங்க தம்பி பொண்ணுன்னு சொல்றீங்க?"

"பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரில வாயில சக்கரத்தண்ணி தொட்டு வெச்சது நானு. யாரு ஊட்டுப் புள்ளைக்கோ வெக்கறதுக்கு நான் இன்னா நர்ஸா?"

பிறந்த குழந்தையின் நாவில் முதன்முதலில் சர்க்கரை நீரைத் தொட்டு வைப்பது, இது எங்கள் குழந்தை என்று சொந்தக்காரர் செய்யும் செயல். அத்தை செய்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மருத்துவமனைக்கு வந்து அப்படிச் செய்ததாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தா, பின்னாடி எனக்கும் பங்குன்னு வர முடியாதும்மா. புரியுதுங்களா?"

"எனக்கு இன்னாத்துக்கு? மோட்டாருக்கு நானா காயில் சுத்தப் போறேன்? நீ எழுதுப்பா. பன்னண்டு மணி பஸ்ஸ விட்டா அப்பறம் வெயில்ல நிக்கணும்."

எழுதியதை அலுவலர் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். அம்மையார் எழுத்தெழுத்தாகக் கையொப்பமிட்டார். எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் முதன்முறையாக என்னோடு பேசினார்.

"பதினாலு வருசம். ஒரு வார்த்தை வான்னு கூப்டலியே நீ."

"வர மாட்டீங்கன்னு நெனச்சேன், அண்ணி."

"நெனப்ப" என்றார். பின் என் மகளிடம் திரும்பி, "பள்ளிக்கூடம் லீவு வுட்டா அத்தை ஊட்டுக்கு வா. மல்லாட்டை ஆய ஆளில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாரிசுச் சான்றிதழ் வந்தது. அதில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது. என் மகளின் பெயர். என் பெயர் இல்லை. அதற்காக நீதிமன்றம் போகலாம் என்றார் வழக்கறிஞர், நான் போகவில்லை. அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பும்வரை காப்பாளராக அந்த வீட்டில் இருக்கிறேன். விற்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. விடுமுறைதோறும் மகள் வல்லத்துக்குப் போகிறாள்; கை விரல்களில் மண்ணோடு திரும்பி வருகிறாள்.

தெரியாததையும் எழுதிவிட வேண்டும். மகள் பிறந்த அன்று அறுவை சிகிச்சை முடிந்து நான் மயக்கத்தில் கிடந்தேன். உடனிருந்த என் தாயார், நடுவே சற்று நேரம் வெளியே போயிருந்ததாகச் சொல்கிறார். அப்போது யார் வந்தார்கள் என்று அவர் அறியார். மகளின் தந்தை அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணி அன்று மருத்துவமனைக்கு வந்தாரா, வரவில்லையா என்பதை என்னால் உறுதிப்படுத்த இயலவில்லை. அவரிடம் நான் கேட்கவில்லை.