"கை இருக்கு" என்று சொல்வதற்கு முன்

1. ஆறாவது மாடியில் நின்றுபோனவர்

பெங்களூரில் தொம்மலூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றின் வெளிக் கண்ணாடியைத் துடைக்கும் காண்ட்ராக்ட் எங்கள் ஹவுஸ்கீப்பிங் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கித் துடைக்கிற ஆட்களுக்கு நான் சூப்பர்வைசர். நிழலில் நின்று கை காட்டுகிற ரகம் என்று நினைத்துவிடாதீர்கள், நானும் இறங்குவேன்.

ஒரு மதியம் எங்கிருந்தோ காற்று கிளம்பியது. கயிற்றில் இருந்த முனிராஜைக் கண்ணாடியை விட்டு வெளியே இழுத்து, திரும்பக் கொண்டுவந்து மோதியது. அடி பெரிதில்லை, ஆனால் ஆள் உறைந்துபோனார். முனிராஜ் ஆனேக்கல்காரர், என்னைவிட இளையவர், அந்த வருடம்தான் அப்பா ஆகியிருந்தார்.

கயிற்றில் இறங்குவதற்கு டிசெண்டர் என்று ஒரு கருவி உண்டு. அதன் கைப்பிடியை லேசாக அழுத்தினால் இறங்கலாம். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் அதுவே லாக் ஆகிவிடும். ஆள் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் பயந்தவருக்குப் பிடியைத் தளர்த்த மனசு வராது, அங்கேயே தொங்குவார். இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய ஹார்னஸ் பட்டையில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். அப்புறம் உயிருக்கே ஆபத்து. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, அது ஏர்போர்ட் ரோடு நெரிசலில் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

கீழே எங்கள் மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "முனிராஜ், ஒன்னும் ஆகாது! தைரியமா இறங்குப்பா!" என்று கத்தினார். திறக்காத கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்காரர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். முனிராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பக்கத்துக் கயிற்றில் ஹார்னஸை மாட்டினேன். அப்போது எனக்குக் கைகொடுத்தது நான் கற்ற வேறொரு வித்தை. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2. சாந்தப்பா சாரின் விதி

பள்ளிக்கூட நாட்களில் என் சாயங்காலங்கள் மல்லேஸ்வரத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் ஒரு தகரக் கூரை ஷெட்டுக்குள் கழிந்தன. தாண்டிப் பாய ஒரு வால்ட்டிங் ஹார்ஸ், மேலே நடக்க ஒரு பீம், பஞ்சு பிதுங்கும் மெத்தைகள். கோச் சாந்தப்பா சார் கன்னடக்காரர், சிரிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் பெண்கள் பேசிக்கொள்வோம்.

ஓடிவந்து ஹார்ஸில் கையூன்றி, தலைகீழாகப் பாய்ந்து அந்தப் பக்கம் காலில் நிற்க வேண்டும். பாதி வழியில் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்த இடத்தில் கோச் நின்று முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைப்பார். இதற்கு ஸ்பாட்டிங் என்று பெயர். கையை வைக்கத் தயாராக இருந்தால் மட்டும் "கை இதெ" என்பார், கை இருக்கிறது என்று. அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் "கை இல்ல" என்பார். அப்போது யாரும் ஓடக் கூடாது.

ஒரு தடவை உதவி கோச் ஒருவர், தைரியம் வரட்டுமே என்று, தூரத்தில் நின்றபடியே ஒரு பெண்ணிடம் "கை இதெ" என்று சொல்லிவிட்டார். அவள் நம்பிப் பாய்ந்து கழுத்தில் அடிபட விழுந்தாள். நல்லவேளை, பெரிய சேதம் இல்லை. சாந்தப்பா சார் அந்த ஆளை அன்றைக்கே அனுப்பிவிட்டார். "இனிமே அந்தப் பொண்ணு யார் கையையும் நம்பாது. அதுக்கு என்ன பண்ணப் போறே?" என்று அவர் கேட்டது ஷெட்டு முழுக்கக் கேட்டது. அவள் அடுத்த மாதம் வருவதையே நிறுத்திவிட்டாள்.

3. ஸ்போர்ட்ஸ் கோட்டா

என் மார்க்கை வைத்து ஒரு நல்ல கல்லூரியின் கேட்டை வேண்டுமானால் பார்த்துவிட்டு வரலாம். இருந்த ஒரே வழி ஸ்போர்ட்ஸ் கோட்டா. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அதற்கு ட்ரையல் வைப்பார்கள்.

கல்லூரியின் பி.டி. டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜிம்னாஸ்டிக்ஸா? த்ரோபால் ஆட மாட்டியாம்மா? சரி, யூனிவர்சிட்டி மீட்ல ஒரு மெடல் வந்தாலும் காலேஜுக்கு நல்லதுதான். ஒரு வால்ட் போடு பாக்கலாம்."

அந்த வருடம் என் கணுக்கால் முறிந்து சேர்ந்திருந்தது. அதற்கப்புறம் கோச்சின் கை இல்லாமல் நான் ஒரு வால்ட்கூடப் போட்டதில்லை. டைரக்டரோ என்னோடு வந்திருந்த சாந்தப்பா சாரைக் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நான் ஓட்டப்பாதையின் முனையில் நின்று சாரைப் பார்த்தேன். ஒரு பொய் சொல்ல மாட்டாரா என்று உள்ளுக்குள் ஏங்கினேன், உண்மையைச் சொல்கிறேன்.

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, "கை இல்லம்மா. வேணாம்னா ஓடாதே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பாதி வழியில் ஒரு கை வரும் என்கிற எதிர்பார்ப்பு போய்விட்டது. எதிர்பார்ப்பு போனதும் ஓடுவதா வேண்டாமா என்பது என் கணக்காகிவிட்டது. ஓடினேன். இறங்கும்போது ஒரு அடி தடுமாறி நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி சல்யூட் செய்தேன். சீட் கிடைத்தது.

4. பிழைப்பு

டிகிரி முடித்தபின் ஜிம்னாஸ்டை யாரும் தேடவில்லை. வேலைக்கு எடுத்தவர்கள் கிரிக்கெட்டும் அத்லெடிக்ஸும் கேட்டார்கள். என்னோடு ஷெட்டில் இருந்தவர்களில் ஒருத்தி சினிமாவில் ஹீரோயினுக்காக மாடியிலிருந்து குதித்தாள். இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் வயசானவர்களுக்கு விழாமல் நடக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்து தரை துடைப்பதை மேற்பார்த்தேன். கண்ணாடி காண்ட்ராக்ட் வந்தபோது மேனேஜர், "யாருக்கு உயரம் பயமில்ல?" என்று கேட்டார். ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பம்பாயிலிருந்து வந்த ட்ரெயினர் என்னைக் கயிற்றில் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை.

5. மறுபடியும் ஆறாவது மாடி

முனிராஜுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போதே அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "அக்கா, புடிச்சிட்டீங்களா?"

"ஆமா" என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. அவர் உதடு வெளுத்திருந்தது.

"இல்ல முனிராஜு. கை எட்டல. இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் இருக்கு."

கீழே மைக் "ஒன்னும் ஆகாது" என்றது.

"இப்பவும் எட்டல. இறங்கிட்டு இருக்கேன். நீ ஒன்னும் பண்ண வேணாம், காலை மட்டும் ஆட்டிக்கிட்டே இரு."

அவர் காலை ஆட்டினார். அவர் மட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியில் காலூன்றிப் பக்கவாட்டில் நகர்ந்தேன். என் ஹார்னஸையும் அவருடையதையும் ஒரு பட்டையால் இணைத்தேன். பிறகு அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.

"இப்ப கை இருக்கு."

அவர் முதுகு அப்படியே இளகியது. பிடி தளர்ந்தது. அவர் இறங்க, நானும் கூடவே இறங்கினேன். தரைக்கு வரும்வரை என் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சொன்னார்: "எல்லாரும் ஒன்னும் ஆகாது, ஒன்னும் ஆகாதுன்னாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்னு நெனைச்சேன். நீங்க எட்டலன்னீங்க. அது எனக்கே தெரிஞ்ச விஷயம். அதனால அப்புறம் இருக்குன்னப்போ நம்பிட்டேன்."

முனிராஜ் அதற்கப்புறம் கயிற்றில் ஏறவில்லை. கீழே நின்று கயிற்று நுனியைப் பிடிக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே இருப்பவர் சறுக்கினால் இழுத்துப் பிடித்து நிறுத்துகிற வேலை அது.

முதல் நாள் மேலே நான்தான். கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு காலைப் போட்டிருந்தேன். கீழே மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தது வாக்கிடாக்கியில் கேட்டது: "ரெடின்னு சொல்லுய்யா, லேட்டாவுது!" அப்புறம் முனிராஜின் குரல் வந்தது.

"அக்கா, கயிறு இன்னும் என் கைக்கு வரல. கை இல்ல. நில்லுங்க."

ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றேன். சாந்தப்பா சார் போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது, செய்தி கேட்ட அன்றுகூட நான் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு அழுதேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது முடிச்சு போடுவதை இல்லை. கை இல்லாதபோது இல்லை என்று சொல்லப் பழகச் சொல்கிறேன்.