குப்புறப் படுத்துக் கேட்ட படங்கள்

பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் என் நாத்தனார் கலாவும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கியது கலாதான். அதுதான் பேய்ப்படத்துக்கு மரியாதை என்பாள்.

திரையின் இடது கீழ்மூலையில் கருப்பாக ஒன்று நின்றது.

“அந்த மூலையில என்னமோ நிக்குது பாரு. அதான் பேயா?” என்றேன்.

“எங்க அண்ணி? ஒண்ணியும் காணோமே. சும்மா பயங்காட்டாதீங்க.”

அடுத்த காட்சி பட்டப்பகலில் நடந்தது. வயல்வரப்பில் நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். கருப்பு அங்கேயே நின்றது. சுவர்க் காலண்டரைப் பார்த்தேன், அங்கும் வந்தது. வலது கண்ணை மூடினேன், மறைந்தது. திறந்தேன், வந்துவிட்டது. கருப்பு படத்தில் இல்லை, என் வலது கண்ணில்தான் இருந்தது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, இந்த ஊர்க்காரரான தினகரனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். பாகங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. சிறுவயதிலிருந்தே கிட்டப்பார்வை (தூரத்துப் பொருள்கள் மங்கலாகத் தெரியும் குறை). சில நாட்களாகக் கண்முன் கருப்புப் புள்ளிகள் மிதந்தன. ஓரத்தில் மின்னல் வெட்டியது. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்த களைப்பு என்று நினைத்தேன். உங்களுக்கு இப்படி வந்தால் களைப்பு என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே கண்ணைக் காட்டிவிடுங்கள்.

மறுநாள் சென்னையில் ஒரு கண் மருத்துவமனை. டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி நெடுநேரம் பார்த்தார்.

“விழித்திரை பிரிஞ்சிருக்கும்மா. இன்னிக்கே அட்மிட் ஆகிடுங்க.”

விழித்திரை (கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், ஒளியை உணரும் மெல்லிய சவ்வு) கிழிந்து, சுவரைவிட்டு உரிந்துகொண்டிருந்தது.

“பார்வை முழுசா வந்துருமா டாக்டர்?”

“திரும்ப ஒட்ட வைக்கலாம்னு நம்புறேன். எவ்வளவு தெரியும்னு இப்ப சொல்ல முடியாதும்மா. இன்னொரு கண்ணுலயும் மெலிசான இடம் இருக்கு. அதுக்கு லேசர் வைக்கணும்.”

இன்னொரு கண் என்றதும் பக்கத்தில் நின்ற தினகரன் என் தோளை இறுகப் பிடித்தார். அதுவரை ஒரு கண்ணுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி இல்லை. ஆனால் விழித்திருந்தேன். கண்ணுக்குள் கருவிகளின் நிழல் அசைவது அந்தக் கண்ணுக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. இமையை மூட வழியில்லை. அப்படியொரு பயத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கண்ணுக்குள் இருந்த கூழை எடுத்துவிட்டு வாயுக்குமிழ் (விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் காற்று) வைத்தார்கள். இடது கண்ணில் மெலிந்த இடத்துக்கு லேசரும் வைத்தார்கள். குமிழ் சரியான இடத்தை அழுத்த, குப்புறவே படுத்திருக்க வேண்டும். சாப்பாடும் தலை குனிந்தபடிதான்.

வீட்டில் கட்டில் விளிம்பில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, முகம் வெளியே நீட்டியிருக்கப் படுத்துக்கொண்டேன். கண்ணுக்கு நேரே தரைதான். என்னோடு பேச வேண்டுமென்றால் தினகரன் கட்டிலுக்குக் கீழே தலையை நீட்டி மல்லாந்து படுப்பார்.

“இன்னா, நான் தெரியறனா?”

“தெரியுதீங்க.”

“அந்தக் கண்ணுல கேட்டேன்.”

இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். “வெளிச்சம் மட்டுந்தான்.”

முகம் மாறாமலிருக்க அவர் பட்ட பாட்டை இடது கண் பார்த்துவிட்டது.

அவர் பகலில் வேலைக்குப் போய்விடுவார். நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்கியெழும் கலா எனக்குத் துணை. அவள் படம் போடுவாள், நான் கேட்பேன். முதல் படமும் பேய்ப்படம்தான். கண்ணால் பார்க்காத பேய் என்னை ஒன்றும் செய்யவில்லை. கதவு கிறீச்சிட்டது, யாரோ அலறினார்கள், அவ்வளவுதான். சண்டைப்படம் அப்படியில்லை. ஒவ்வொரு குத்துச் சத்தத்துக்கும் அறுவை செய்த கண் சுருங்கியது. பாதியில் நிறுத்தச் சொன்னேன். கொலைப்படத்தில் கொலையாளியை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். பொய் சொல்லும்போது அவன் குரலில் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. “சூப்பர் அண்ணி!” என்று கலா கட்டிலைத் தட்டினாள். அந்த அதிர்வில் சவ்வு உரிந்துவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நகைச்சுவைப் படம்தான் மோசம். சிரித்தால் உடம்பு குலுங்குமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சிரிக்கப் பயந்து ஒருத்தி அழுததைக் கலா அன்றுதான் பார்த்திருப்பாள்.

பிறகு ஒரு காதல் படம். திடீரென்று பேச்சு நின்று, வெறும் புல்லாங்குழல் மட்டும் வந்தது. நீண்டுகொண்டே போனது.

“கலா, என்ன நடக்குது?”

“ஒண்ணியும் நடக்கல அண்ணி.”

“எதாவது செய்வாங்கல்ல?”

“பாத்துக்கினே கீறாங்க. அவன் அவள பாக்கறான், அவ அவன பாக்கறா. வேற இன்னாத்த சொல்றது?”

தலையணை நனைந்தது. ஒன்றும் நடக்காத இடத்தைத்தான் என்னால் காதால் வாங்க முடியவில்லை. கலா ரிமோட்டை வைத்துவிட்டு என் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாரங்கள் போக, குமிழ் சுருங்கியது. பார்வை மேலிருந்து கீழாகத் திறந்தது. பாதி நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டிக்குப் பின்னிருந்து பார்ப்பதுபோல, தலையை அசைத்தால் நீர்மட்டமும் ஆடும். முதலில் மின்விசிறி, பிறகு கதவின் மேற்சட்டம், பிறகு தினகரனின் நெற்றி. ஒருநாள் குமிழ் சிறு உருண்டையாகி, மறுநாள் இல்லை.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. ஆனால் வலது கண்ணில் நேர்க்கோடுகள் லேசாக நெளிகின்றன. டாக்டரம்மா, “இது இப்படியே இருக்கலாம்மா” என்றார். கீறல் பார்க்கும் வேலை இனி ஆகாது. கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். முதல் நாள் பழைய மேசையைத் தாண்டிப் போகும்போது அதைப் பார்க்காமல் நடந்தேன்.

பயம் போய்விட்டது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சுவரைப் பார்க்கிறேன். கம்பெனி பஸ் வேகத்தடையில் ஏறும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் உடம்பு என்னைத் தூக்கிக்கொண்டு போனது. இப்போது நான்தான் அதைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு போகிறேன்.

போன வாரம் ஒரு குடும்பப் படம். பெரிதாக ஒன்றுமில்லை; அண்ணன் தம்பி பிரிந்து சேர்கிற கதை. பாதியில் கலா எழுந்து பையை மாட்டினாள்.

“பஸ் வந்துரும் அண்ணி. மீதிய நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“நீ போயிட்டு வா,” என்றேன். “நான் இப்பவே பாத்துடுறேன்.”

கதை முடிந்து, ஊர் பேர் தெரியாத ஆட்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின. எல்லா வரியும் கொஞ்சம் நெளிந்திருந்தது. கடைசிப் பெயர் மேலே போய் மறையும்வரை படித்தேன்.