பச்சைக் கண் விழித்தது, பாட்டு வரவில்லை

என் மடிக்கணினியில் இணையம் அறுந்துபோனால் மகன் தொலைபேசியில் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "அடைச்சிட்டு மறுபடியும் தெறங்கம்மா." அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டுமாம். கேட்டதும் சிரித்துவிடுவேன். இந்த வைத்தியத்தை மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய வாரத்திலேயே நான் கேட்டாகிவிட்டது. அன்று அதைச் சொன்னவர் தெருமுனை மளிகைக் கடைக்காரர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் தமிழ் முஸ்லிம் பெரியவர். நோயாளி, என் கணவரின் ரேடியோ.

அப்போது மலாக்காவில் காஜா பேராங்கில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் நான், கணவர், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியார், பிறகு அந்த ரேடியோ. வரிசையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், ரேடியோவைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கூடத்தில் அதற்கென்று தனி மேசை, தலையில் பூப்பின்னல் துணி. என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலைவிட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். குமிழைத் திருகினால் உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும். பிறகு முகப்பில் சின்னதாக ஒரு பச்சைக் கண் விழிக்கும். அதற்கப்புறம்தான் குரல் வரும். அந்தக் குமிழை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

'வயர்லெஸ்' என்று பெயர்தான் பெரிது, எங்கள் வீட்டிலேயே நீளமான கம்பி அதற்குத்தான். முகட்டில் நட்ட மூங்கிலிலிருந்து, வாசல் தகரக் கூரைக்கு மேலாக, ரம்புத்தான் மரம்வரை ஒரு செப்புக் கம்பி போகும். அதுதான் ஏரியல். வந்த புதிதில் விஷயம் தெரியாமல் அதன்மேல் ஓர் ஈரச் சேலையைக் காயப்போட்டுவிட்டேன். மனிதர் குதித்த குதி இருக்கிறதே!

"அது என்ன துணி காயப்போடற கயிறா? அதுல ஒரு குருவி உக்காந்தாக்கூட எனக்கு ஸ்டேசன் கெடைக்காது, தெரியுமா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று ரசத்தில் உப்பே போடவில்லை. அத்தையும் சேர்ந்து உப்பில்லாத ரசம் குடிக்க வேண்டியதாயிற்று, அது மட்டும்தான் வருத்தம்.

மெர்டேக்கா அன்று காலை தெருவே எங்கள் கூடத்தில்தான் இருந்தது. கோலாலம்பூரில் கூட்டம் போட்ட கோஷம் எங்கள் வீட்டுச் சுவரில் மோதியது. கேட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து நின்று கத்தினார்கள். நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடி கட்டாத வீடு அன்று தெருவில் ஒன்றுகூட இல்லை. எங்கள் வாசலில் கொடியோடு மாவிலைத் தோரணமும் தொங்கியது. முந்தின நாள் கணவரே கட்டியது.

ஆனால் நான் காத்திருந்தது வேறொன்றுக்கு. கோலாலம்பூரில் தாதிப் பயிற்சியில் இருந்த என் தங்கை, அடுத்த ஞாயிறு சாயங்காலம் ரேடியோவில் மாதர் நிகழ்ச்சியில் பாடப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவின் தாலாட்டைப் பாடப் போகிறாளாம். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அம்மா போய்விட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு தங்கையின் குரலை நான் கேட்கவே இல்லை. தொலைபேசி எல்லாம் நம் வீடுகளில் ஏது? காற்றில் ஒரு தடவை வரும், அந்தத் தடவை விட்டால் போச்சு. காப்பிக் கடையில் ஒரு ரேடியோ இருந்தது, ஆனால் அங்கே ஆம்பிளைக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் போய் உட்காருவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. எனக்கு இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். பெருமை தாங்காமல் தெரு முழுக்க வேறு சொல்லி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெருமழை பெய்தது. அன்று மாலை குமிழைத் திருகினார். பச்சைக் கண் விழித்தது. குரல் வரவில்லை. அரிசி களைகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முதல் வைத்தியம் கணவருடையது. பெட்டியின் உச்சந்தலையில் தட்டினார். பக்கவாட்டில் தட்டினார். பின்பலகையைக் கழற்றி, ஒவ்வொரு வால்வையும் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்து மாட்டினார். "ஸ்டேசன்லதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! காப்பிக் கடை ரேடியோ அதே நேரத்தில் தெருக்கோடிவரை பாடிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை நானா வந்து பார்த்தார். "தம்பி, சூடு ஏறிப்போச்சு. அடைச்சிட்டு, ஆற விட்டு, அப்பறம் தெறங்க" என்றார். அடைத்தோம். ஆற விட்டதோடு நிற்காமல் பனை விசிறியால் விசிறியும் விட்டோம். விசிறியது நான்தான். என் கணவருக்கே நான் அப்படி விசிறியதில்லை. திறந்தால் மறுபடியும் அரிசி களைகிற சத்தம்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் எட்டிப் பார்த்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். "சூடா மாத்தி கா?" என்று, செத்துப்போய்விட்டதா என்ற அர்த்தத்தில், துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"இது ரோசாக்கும் இல்ல, பழுதும் இல்ல" என்றாள் அத்தை. "அன்னைக்கு ஊரே கூடி வாயப் பொளந்துக்கிட்டு இதையே பாத்துச்சில்ல? கண்ணு பட்டிருச்சு." மிளகாயும் உப்பும் எடுத்து வந்து, ரேடியோவுக்குச் சுற்றி, அடுப்பில் போட்டாள். நெடியில் நாங்கள் மூவரும் இருமினோம். ரேடியோ ஒன்றுதான் இருமவில்லை.

சனிக்கிழமை இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க பெட்டி எப்ப வேணும்னாலும் பாடட்டும், எனக்கு நாளைக்கு ஒரு பாட்டு போதும்" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவர் மறுபடி பின்பலகையைக் கழற்றினார்.

ஞாயிறு சாயங்காலம் சொன்ன நேரத்துக்குத் தெரு வந்துவிட்டது. வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் பாயில் உட்கார்ந்து அரிசி களைகிற சத்தத்தை மரியாதையாகக் கேட்டார்கள். அப்போது ஜன்னல் திரை காற்றில் எழும்பியது. அதே கணம் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "அடுத்து நம் நிகழ்ச்சியில்..." என்றது. திரை விழுந்தது. குரலும் போய்விட்டது. மறுபடி காற்று, மறுபடி இரண்டு வார்த்தை. எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். காற்றுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அடுத்த நிமிஷம் வாசலுக்கு ஓடினேன்.

பார்த்தால், தோரணம்! வாசலில் அத்தனை ஆணி இருக்க, கயிறு தேடச் சோம்பல்பட்டு, நேராக ஓடுகிற கம்பி கைக்கு வாகாக இருக்கிறதே என்று ஏரியலில் கட்டியிருக்கிறார் மனிதர். மழையில் நனைந்த மாவிலையும் கொடிகளும் கனத்து இழுத்ததில் கம்பி தொய்ந்து, தகரக் கூரையின் விளிம்பில் படுத்துக் கிடந்தது. காற்று தூக்குகிறபோதெல்லாம் உள்ளே குரல் வந்திருக்கிறது. குருவி உட்காரக்கூடாத கம்பி! ஊருக்கடி உபதேசம் பெண்ணே, உனக்கல்லடி.

துணி காயப்போடும் மூங்கில் கழியை எடுத்து, கம்பிக்குக் கீழே கொடுத்துத் தூக்கினேன். உள்ளே "வந்திருச்சு, வந்திருச்சு!" என்று ஒரே கூச்சல். கழியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். "ஐயோ, போயிருச்சே!" என்று அலறினார்கள். திரும்பவும் தூக்கினேன். நீண்டுபோன கம்பியை இழுத்துக் கட்ட நேரமில்லை. யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றேன். அங்கிருந்து எனக்குக் கேட்டதெல்லாம் கூட்டத்தின் "உஷ், உஷ்" மட்டும்தான்.

கணவர் வெளியே வந்தார். கம்பியைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. (மறுநாள் காலை காப்பியோடு அத்தனையையும் கொடுத்துத் தீர்த்தேன், அது வேறு கதை.) அவர் வந்து என் கையிலிருந்து கழியை வாங்கிக்கொண்டார்.

"நீ உள்ள போ. பாடறது உன் தங்கச்சி."

ஓடினேன். நானா எழுந்து வழிவிட்டார். பெட்டியின் துணி முகப்பில் காது படும்படி உட்கார்ந்தேன். தங்கை அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் அம்மா மூச்சைச் சற்றே நிறுத்தி, பிறகு மெதுவாக இறங்குவாள். அவளும் நிறுத்தினாள். அவளும் இறங்கினாள். யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை. செட்டி அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவரும் கைக்குட்டையை எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் வெளியே வந்தேன். அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்து வாரிய தலையில் காய்ந்த மாவிலைத் துணுக்குகள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"நல்லாப் பாடுனாளா?"

அப்போதுதான் உறைத்தது. ஒரு வரிகூட அவருக்குக் கேட்டிருக்காது. பகல் ராத்திரி பாராமல் ரேடியோ கேட்கிற மனுஷன்! அவர் முன்னால் நான் அதுவரை பாடியதே இல்லை. எனக்கு வெட்கம். இருந்தாலும் அங்கேயே, வாசலில், ரம்புத்தான் மரத்தடியில் நின்று அம்மாவின் தாலாட்டை முதலிலிருந்து பாடினேன். கம்பியை இனிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நான் பாடி முடிக்கிறவரை அவர் கழியை இறக்கவில்லை.